எதிர்வீட்டு டியூஷன்

"டியூஷனுக்கு மாசம் ரெண்டாயிரமா? ஸ்கூல் ஃபீஸே கழுத்தை நெரிக்குது. நீயே ஆன்டோவுக்குச் சொல்லிக்குடேன்!" என்று குதித்தான் பெனிட்டோ.

"பெத்தவகிட்ட படிக்க மாட்டான். டியூஷனை நிறுத்த முடியாது" என்றாள் ஹெலினா.

டியூஷன் எடுக்கும் எதிர் ஃபிளாட் ரேஷ்மாவிடம் தானே சொல்லி நிறுத்திவிடுவதென்று, மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரமே மாங்காடு திரும்பினான். அவன் வீட்டு ஹாலில், ஹெலினாவின் முன்னால் ஒரு பையன் கைகட்டி வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"இவன் ரேஷ்மா பையனாச்சே!"

"அவனும் அவங்கம்மாகிட்ட படிக்க மாட்டானாம். அதே ரெண்டாயிரம்தான்."

"அப்போ ஃபீஸ் இல்லாமலே மாத்திச் சொல்லிக்குடுங்களேன்?"

"சும்மா சொல்லிக்குடுத்தப்போ ரெண்டும் ஆன்ட்டி, ஆன்ட்டின்னு விளையாடுச்சுங்க. ஃபீஸ் கவரைக் கையில குடுத்தனுப்பினப்புறம்தான் டீச்சர்னு பயப்படுதுங்க."

ஹெலினா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே கவர்தாங்க. அங்க போயிட்டு இங்கேயே வந்துடுது."