வெள்ளை மூடி பாட்டில்

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி, நீங்கதான் சர்க்கரைப் பாகை..."

"பாகைப் பத்தி வாயைத் திறக்காத! ஆறு வாரமா என் கையால அளந்து அளந்து..."

"அளந்தீங்க, யாரு இல்லேன்னா? பாட்டிலை மாத்தி வச்சு..."

"நான் மாத்துவேனா? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?"

அந்த ஆய்வகத்தில் அண்ணி தேனீ பார்ப்பவள். நாத்தனார் மரபணு பார்ப்பவள். வீட்டில் சமையலறையைப் பிரித்துக்கொண்ட மாதிரியே இங்கே மேஜையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஜைமேல் இரண்டு கூண்டுகள். இடது கூண்டுக்கு நீல மூடி பாட்டில்: துத்தநாகமும் மாங்கனீசும் கலந்த சர்க்கரைப் பாகு. வலது கூண்டுக்கு வெள்ளை மூடி: வெறும் பாகு.

சத்து குடித்த தேனீக்களின் மரபணுக்கள் துள்ளி எழும், வெறும் பாகு குடித்தவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணி அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு, ஆய்வுக்குப் பணம் தரும் குழுவின் முன்னால் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா.

மெஷினோ, இரண்டு கூண்டும் அச்சு அசல் ஒன்றுதான் என்று தாளைத் துப்பியிருந்தது.

மூலை ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அண்ணிக்குக் கணவர், நாத்தனாருக்கு அண்ணன், தேனீக்களுக்குச் சாப்பாடு போடுகிறவர். ஓய்வு பெற்ற மறுநாளே இந்த வேலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியவர்.

கையில் சர்க்கரை போடாத டீ. டாக்டர் உத்தரவு. ஆனாலும் ரத்தச் சர்க்கரை இறங்குவேனா என்று அடம்பிடித்தது. மாத்திரை போலி என்று அண்ணி மருந்துக்கடைக்காரரை இரண்டு முறை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்திருந்தாள்.

"சண்டை வேண்டாம். நான்தான்" என்றார் அவர்.

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அந்த ஆய்வகத்தில் அது முதல் தடவை.

"நீலத்தையே ரெண்டு கூண்டுக்கும் பாதிப் பாதியா ஊத்தினேன். ஒண்ணுக்குச் சத்து, பக்கத்துல இருக்கறதுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணியா? அதுங்க பாத்துக்கிட்டே இருக்குதுங்க. பாரபட்சம் காட்ட எனக்கு மனசு வரல."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணன் சின்ன வயசுலேயே இப்படித்தான் அண்ணி. மிட்டாயைக்கூடப் பங்கு போட்டுத்தான் தின்பாரு."

அண்ணிக்கும் கோபம் ஆறத் தொடங்கியது. பாவம், இளகின மனசு. குழுவிடம் நடந்ததைச் சொல்லி, காலில் விழாத குறையாக இன்னும் ஆறு வாரம் கேட்க வேண்டியதுதான்.

அப்போது வலது கூண்டிலிருந்து எப்படியோ நழுவிய ஒரு தேனீ, அண்ணியின் பூப்போட்ட புடவையை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து போய், அவருடைய டம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது. நாக்கை நீட்டியது.

அவர் மெல்ல ஊதினார்.

ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அண்ணி டம்ளரைப் பார்த்தாள். கழுவுவதற்குக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். வழக்கம்போல் அதில் சொட்டு மிச்சமில்லை.

"என்னங்க, அப்ப அந்த வெள்ளை மூடி பாட்டில் தினமும் எப்படிக் காலியாச்சு?"