சாம்பிராணிப் புகையில் மூவாயிரம்

எண் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று நம்பித்தான் என் கடைக்கு வரும் எல்லோரும் வண்டி முகப்பு விளக்குக்கு ஆறாயிரம் கெல்வின் வெள்ளை பல்பு கேட்பார்கள். அது நிறத்துக்கான எண் என்று சொன்னால் முறைப்பார்கள். நானும் சொல்வதை விட்டுவிட்டு மாட்டி அனுப்பினேன். கோத்தகிரி மலைப்பாதையில் பள்ளி வேன் ஓட்டும் ஜெசிந்தா மட்டும் தூபக்காலோடு வந்தார். போன வாரம் காலைப் பனிமூட்டத்தில் அவர் வேனின் முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றிருக்கிறது. உள்ளே பதினொரு பிள்ளைகள்.

வேனைக் கடைக்குள் விட்டு, அதன் முன்னால் தரையில் சுண்ணக்கட்டியால் நீளமாக ஒரு கோடு கிழித்தார். "இதுதான் பள்ளத்தோட ஓரம். ஷட்டர எறக்குங்ண்ணா."

கரியில் சாம்பிராணியைத் தூவினார். கடை முழுக்கப் புகை.

"என்னங்கக்கா, கடைக்குப் பேயோட்டறீங்களா?"

"உங்க வெள்ளை பல்பப் போடுங்க, பேய் எதுன்னு தெரியும்."

போட்டேன். புகை வெள்ளைச் சுவராக எழுந்தது. கோட்டைக் காணோம். அதை அணைத்துவிட்டு, பம்பரில் தாழ இருக்கும் பனிவிளக்கில் மூவாயிரம் கெல்வின் மஞ்சள் பல்பை மாட்டிப் போட்டேன். சுவர் மங்கியது. மஞ்சள் வெளிச்சம் தரையோடு படர்ந்து கோட்டைக் கடைசிவரை காட்டியது. ஜெசிந்தா இருமிக்கொண்டே அதன்மேல் நடந்து போய்த் திரும்பி வந்தார். கால் ஒருமுறைகூட விலகவில்லை.

பன்னிரண்டு வருடமாக விற்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை.

"தூபக்கால் இங்கயே இருக்கட்டும்ங்ண்ணா," என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

மாலையில் ஒருவர் ஜீப்பில் வந்து ஆறாயிரம் கேட்டார். வண்டியை உள்ளே விடச் சொல்லி ஷட்டரை இறக்கினேன்.