எட்டும் சரியாக இருந்த நாள்

ஒரே ஒரு கடற்கரையிலே ஒரே ஒரு கொட்டகை இருந்ததாம். ஆட்களைக் கயாக் படகில் கடலுக்குக் கூட்டிப்போகும் பிரிட்டோவின் சாமான்கள் அதற்குள் இருந்தன. புதிதாக வந்த சிவப்பு லைஃப் ஜாக்கெட்டுக்கு அன்றுதான் முதல் நாள். நீச்சல் தெரியாத ஒரு பெண் அதை மாட்டிக்கொண்டாள். "உன்னை முங்க விடமாட்டேன் தாயி" என்று அது அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

போட்டோ எடுத்து முடித்ததும், "ஒரே வேர்வை" என்று அவள் கழற்றிவிட்டாள். அவளோடு வந்த மற்ற ஏழு பேரும் கழற்றினார்கள். பிரிட்டோ எட்டையும் ஆணிகளில் மாட்டிவிட்டு, அவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அண்ணே, என்னை மறந்துட்டுப் போறாங்க!" என்று பதறியது ஜாக்கெட்.

பக்கத்து ஆணியில் தொங்கிய விசில் சிரித்தது. "மறக்கலடா தம்பி. உப்புத்தண்ணி பட்டா நீ வெளுத்துப்போவியாம். என்னைப் பாரு, மூணு வருஷமா ஒருத்தரும் ஊதினதில்லை."

வெளியே காற்று பலத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரி வந்தார். 'இன்று எட்டு பேர்' என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"எட்டு பேருக்கு எட்டு ஜாக்கெட். சபாஷ், ஒண்ணுகூடக் குறையலை!"

"ஐயா, நாங்க எட்டும் இங்கேதானே இருக்கோம்!" என்று ஜாக்கெட் அலறியது.

அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். செருப்பில் ஏறிய மணலை உதறிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போனார்.