வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

"படுக்கையறைக்கு வெளிப்பக்கம் எதுக்கும்மா மூணு தாழ்ப்பாள்?" தச்சர் இதைக் கேட்பது நாலாவது தடவை. "கழட்டுங்கண்ணே, கதை எதுக்கு?" என்று வீட்டுக்காரி எரிந்து விழுகிறாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, கழற்றிப்போட்ட இரண்டு தாழ்ப்பாள்கள்மேல் மினுங்குகிறது. அந்த அறையில் அவளுடைய அத்தை பதினோரு வருஷம் இருந்தாள். 'உடம்பு சரியில்லை' என்பார் அப்பா. அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இப்போது உள்ளே மகள் பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். "நாளைக்கே வெளியூர் வேலைக்குக் கிளம்பறேன். நீ எவ்வளவு கத்தினாலும் சரி." "காலையிலேர்ந்து தொண்டை வத்திப்போச்சுடி! கொஞ்சமாவது காதுல ஏறுதா?" மகள் நிமிராமலே கேட்கிறாள்: "உன் அத்தையும் இப்படித்தான் கிளம்பினாங்களா?" அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. கதவை இழுத்துப் படாரென்று சாத்துகிறாள். கை தானாக மேலே போய், மிச்சமிருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளுகிறது. தச்சரின் திருப்புளி அந்தரத்தில் நிற்கிறது. உள்ளேயிருந்து மகள் கதவைத் தட்டுகிறாள். தாழ்ப்பாளோ துளிச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. அத்தை செத்து இருபது வருஷமான பிறகும், போன வருஷம் கண்ணை மூடும்வரை, அப்பா அதற்கு மாசாமாசம் எண்ணெய் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.