சுலைமான் சைட்டை மாற்றினார்

"வாப்பா, இந்தப் பழைய சைட்டோட இன்னும் எத்தனை நாளைக்கு மாரடிப்பிய? போன்ல திறந்தா பாதி எழுத்து கட்டம் கட்டமாத் தெரியுது."

மகள் நூருல் ஹுதா புளியங்குடியில் மாமியார் வீட்டிலிருந்து வந்து, பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள். கடைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சுலைமான் காதில் விழாததுபோல இருந்தார்.

சங்கரன்கோவிலில் கைலிக் கடை வைத்திருக்கும் சுலைமானுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் கிடையாது. சவுதியில் தமாமில் வேலை பார்த்தபோது அறையில் கூட இருந்தவர் சொல்லிக்கொடுத்ததை வைத்து, ஊருக்காக ஒரு வெப்சைட் தொடங்கினார். கல்யாணம், மவுத்து என்கிற சாவுச் செய்தி, பள்ளிவாசல் அறிவிப்பு எல்லாம் அதில் வரும். வாட்ஸ்அப்பில் வருவதை வதந்தி என்று தள்ளுகிறவர்கள்கூட, சுலைமான் சைட்டில் வந்துவிட்டால் நம்புவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு யாரும் தனியாகப் போன் போட்டு மவுத்துச் செய்தி சொல்வதில்லை. சைட்டில் போட்டால் மெயிலில் தானாகப் போய்விடும் என்று ஊரே பழகிவிட்டது. சுலைமானுக்குக் கர்வம் என்று ஒன்று உண்டென்றால் அது இதில்தான்.

"புதுசு ஒண்ணு வந்திருக்கு வாப்பா. நம்மள மாதிரி ஒண்ணும் தெரியாதவங்களுக்குன்னே செஞ்சது. பழசுல உள்ள அம்புட்டையும் அதுவே தூக்கிட்டு வந்துரும்."

"ஒண்ணு விடாம வருமா?"

"வரும். வாப்பும்மா செய்தி வரைக்கும் வரும்."

சுலைமான் முகம் இறுகிப்போனது. அவருடைய உம்மா மைமூனம்மாள் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அந்தச் செய்தியை அழுதுகொண்டே அவர்தான் சைட்டில் ஏற்றினார். ஊரே திரண்டு வந்தது. கத்தாரில் இருக்கும் தம்பி மசூது மட்டும் வரவில்லை, ஒரு போன்கூடப் போடவில்லை. வீட்டைப் பாகம் பிரித்ததில் கோபித்துக்கொண்டு போனவன் அவன். போன் நம்பரை மாற்றிவிட்டான், சொந்தக்காரர்கள் யாரோடும் பேச்சு கிடையாது. ஆனாலும் சைட்டின் மெயில் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. செய்தி போகாமலா இருக்கும்? சண்டை அண்ணனோடுதானே, பெற்றவள் என்ன பாவம் செய்தாள்? சுலைமானுக்கு மனசு ஆறவே இல்லை.

ஹுதா யூடியூபில் ஒருமுறை பார்ப்பதும் கம்ப்யூட்டரில் ஒருமுறை தட்டுவதுமாக வேலையில் இறங்கினாள். மெயில் பட்டியல் வந்தபோது கை நின்றது.

"சாச்சா பேரும் இதுல இருக்கு வாப்பா. சேத்துரவா?"

"வேண்டாம். உம்மா மவுத்துக்கே எட்டிப் பாக்காதவனுக்கு ஊர்ச் செய்தி எதுக்கு? இனி அவன் எனக்குத் தம்பியே இல்ல. எடுத்துரு."

ஹுதா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "மிச்சத்தை நீங்களே அமுக்குங்க. நாளைக்கு நான் இருக்க மாட்டேன்லா."

புது சைட் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டது. சுலைமானுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியவில்லை என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் புது சைட் பளிச்சென்று வந்து நின்றது. எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. சுலைமானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ரியாத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஹமீது மாமா போயி ரெண்டு வருஷம் ஆச்சே. இன்னிக்கு அடக்கம்னு போட்டிருக்கிய?"

"நான் எங்கப்பா போட்டேன்?"

"உங்க பழைய சைட்டுலேருந்து மெயில் வந்தே ஆறு மாசமாச்சு. வந்தா இப்படி வருது. வரிசையா மவுத்துச் செய்தி, எல்லாத்துலயும் இன்னைத் தேதி."

ஹுதா பதறிப்போய்ப் பார்த்தாள். பழைய தேதியை அப்படியே வைக்கவா, எல்லோருக்கும் மெயில் அனுப்பவா என்று அது கேட்டிருக்கிறது. சுலைமான் தட்டிய தட்டில், எல்லாச் செய்தியும் இன்று நடந்ததாக ஊர் உலகத்துக்கெல்லாம் போயிருந்தது.

குவைத்திலிருந்து ஒருவர் திட்டினார். துபாயிலிருந்து ஒரு பெண் பேச முடியாமல் அழுதாள். அவளுடைய வாப்பா பெயரைத் திரும்பவும் பார்த்திருக்கிறாள். சுலைமான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

"மவுத்துல போயி விளையாடிட்டேனே ஹுதா. இனி எவன் நம்புவான் இந்தச் சைட்டை?"

"நீங்க கலங்காதிய. தவறுதலாப் போயிட்டுன்னு எழுதிக்கிட்டு இருக்கேன். இந்தா அனுப்பிருதேன்." தட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள். "வாப்பா, சாச்சா பேரை நான் எடுக்கல. அவகளுக்கும் போயிருக்கும்."

"போகட்டும். அவனுக்கு என்ன புதுசா? மூணு மாசத்துக்கு முன்னாலயே பாத்துட்டுக் கல்லு மாதிரி இருந்தவன்தானே."

மறுபடியும் போன் அடித்தது. கத்தார் நம்பர், தெரியாத நம்பர். அடுத்த ஏச்சு வருகிறது என்று நினைத்து, சுலைமான் எடுத்த எடுப்பிலேயே, "மன்னிச்சிருங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் தேம்பல்தான் கேட்டது. பின்னால் விமான நிலையத்து ஒலிபெருக்கி ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் மசூது. இப்பத்தான் மெயிலைப் பாத்தேன், அப்படியே ஏர்போர்ட்டுக்கு ஓடி வந்துட்டேன். காலையில அங்கன இருப்பேன். உம்மா முகத்தை நான் ஒருதடவை பாக்குத வரைக்கும் அடக்கம் பண்ணிராதிய அண்ணே."