கறுப்பு டை

கணவனின் கறுப்பு டையையும் சவப்பெட்டிக்குள் வைத்தே அனுப்பிவிட்டாள் எஃபி. அதைக் கண்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

கல்லறையிலிருந்து நேரே பெய்ஸ்லி கடைத்தெருவில் இருந்த 'பிராக்கன்' உணவகத்துக்கு வந்தாள். ஏழெட்டு ஊர்களில் கிளை வைத்து, ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் ஸ்காட்லாந்துச் சமையல் போடுகிற கடை. அடக்கம் முடித்து வருகிறவர்களுக்கு அதன் பின்னறையில்தான் பந்தி. மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஸ்டேக் பையைச் சூடாகப் பரிமாறுவார்கள்.

நீளமான மேஜை. வரிசையாகத் தட்டுகள். உட்கார்ந்திருந்தது எஃபியும் அவள் நாத்தனார் நெட்டாவும் மட்டும்தான்.

"என்ன அண்ணி, ஊரே திரண்டு வந்திருக்கு போல!" என்றாள் நெட்டா. "எங்கண்ணன் போகாத சாவு உண்டா? அவர் சாவுக்கு வரத்தான் ஆளைக் காணோம்."

எஃபி தலைகுனிந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் கணவர் மர்டோவுக்கு அந்தப் பழக்கம். வீட்டுக்கு ஒரு போன் வரும். உடனே கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு இந்தப் பின்னறைக்கு ஓடிவருவார், முன்பின் தெரியாதவர்களின் சாவுச் சாப்பாட்டுக்கு.

அதுவும் போதாமல் வீடு திரும்பியதும், "எஃபி, சூப் ஏதாவது மிச்சம் இருக்கா? பசி உயிர் போகுது" என்பார்.

"மானத்தை வாங்குறீங்களே! ஓசிச் சாப்பாட்டுக்கா இப்படி அலையுறீங்க?" என்று ஒருநாள் கத்தியே விட்டாள். அவர் சிரித்தபடி சூப்பைக் குடித்தார். தேவாலயத்தில் யார் முகத்தையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

பணிப்பெண் லோர்ன் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு கிழவர் உள்ளே வந்தார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அப்புறம் இன்னும் சிலர். ஒருவரையும் எஃபி பார்த்ததே இல்லை.

கிழவர் அவள் எதிரில் உட்கார்ந்தார். "என் பேர் டூகல், அம்மா. மர்டோவும் நானும் கப்பல் பட்டறையில ஒண்ணா வேலை பார்த்தோம். தங்கமான மனுஷன்."

நெட்டா காதோரம் குனிந்தாள். "அண்ணனோட கூட்டாளிங்க, அண்ணி. மோப்பம் பிடிச்சு வந்துட்டாங்க பாரு."

கிழவர் முள்கரண்டியை எடுத்ததும் எஃபிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறை வாசலைக்கூட மிதிச்சதில்லை. நல்லாச் சாப்பிடுங்க, வேண்டாங்கலை. பொய் மட்டும் சொல்லாதீங்க. அவரால பட்ட அவமானமே எனக்குப் போதும்."

டூகல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பொய்தாம்மா. மன்னிச்சிருங்க. அவர் என்கிட்ட சொன்ன மாதிரி நானும் ஒண்ணு சொல்லிப் பார்த்தேன்."

"அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"போன வருஷம் என் பெண்டாட்டியை அடக்கம் பண்ணிட்டு இதே மேஜையில ஒண்டியா உட்கார்ந்திருந்தேன். சுத்தி எல்லாம் காலி நாற்காலி. இந்த லோர்ன் பொண்ணுக்கு மனசு கேக்கலை, யாருக்கோ போன் போட்டா. கொஞ்ச நேரத்துல உங்க வீட்டுக்காரர் கறுப்பு டையோட வந்து நின்னார்."

குழந்தையோடு வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா சாவுக்கும் அவர்தாங்க வந்தார். இன்னைக்கு எங்களுக்கு எல்லாம் லோர்ன் போன் போட்டா."

"தட்டைத் தொடக்கூட இல்லைம்மா," என்றார் டூகல். "என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் பெண்டாட்டியைப் பத்தியே பேசிட்டிருந்தார். சர்ச்சுல அவங்க பாடினதைக் கேட்டு அப்படியே உருகிப்போயிட்டேன்னார்."

அந்தச் சூப் கிண்ணம் எஃபியின் கண்முன் வந்து நின்றது.

"நிஜமாவே அவங்க பாட்டை அவர் கேட்டிருக்காரா?"

டூகல் இல்லையென்று மெல்லத் தலையசைத்தார்.

"அவளுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதும்மா."