மூலைக் கட்டம்

அழைப்பு மணி திடீரென்று அலறியது. நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் மூன்றுக்கே வந்து நின்றார்கள். கற்பகத்தின் கையில் பாதி போட்ட சுடோகு. இன்றைக்கே பதில் வேண்டும் என்று தரகர் வேறு சொல்லியிருந்தார்.

தனியாகப் பேசட்டும் என்று இருவரையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். "முடிச்சிடுங்க, நான் இருக்கேன்," என்றார் மாப்பிள்ளை இளஞ்செழியன், அவள் கையிலிருந்த சுடோகுவைப் பார்த்து. போன மாதம் பெண் பார்க்க வந்தவர் பேனாவைப் பிடுங்கி, "இங்க ஏழு" என்று எழுதியே விட்டார். விடை சரிதான். ஆனாலும் அவரை வேண்டாம் என்றுவிட்டாள். இவரும் அப்படித்தானோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பொருந்தாத எண்களை ஒவ்வொன்றாகக் கழித்தாள். இளஞ்செழியனின் விரல் ஒருமுறை மூலைக் கட்டத்தை நோக்கி நீண்டது, உடனே மடங்கிக்கொண்டது. அவர் தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

காபி ஆறிய பிறகுதான் அந்த மூலையில் நாலைத் தவிர வேறெதுவும் வராது என்பது அவளுக்குப் பிடிபட்டது. உள்ளுக்குள் ஒரு தாழ்ப்பாள் விலகியதுபோல் இருந்தது. மற்ற கட்டங்கள் மளமளவென்று நிரம்பின.

அவர்கள் போனதும் அம்மா முகம் சுளித்தாள். "என்னடி, அந்தப் பையன் வாயே திறக்கலையே?"

"விடை தெரிஞ்சும் சொல்லாம உக்காந்திருந்தாரு. சரின்னு சொல்லிடும்மா."